திரும்பத் திரும்ப ஆடத் தோன்றும் பழைய கணினி கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கேமைத் திரும்ப ஆடலாம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

நான் பார்ப்பது ஒன்றைத்தான். தோற்ற பிறகு, எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று உங்களால் சொல்ல முடிகிறதா? "அந்த இருட்டில் ஆளைத் தனியாக அனுப்பியிருக்கக் கூடாது", "மரம் வெட்ட இன்னும் 4 பேரைப் போட்டிருக்க வேண்டும்" என்று கணினியை அணைத்த பிறகும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தால், அடுத்த ஆட்டத்தை நீங்கள் ஆடத்தான் போகிறீர்கள். 100 மணி நேரம் ஓடும் என்று அட்டையில் போட்டிருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அந்த 100 மணி நேரமும் ஒரே ஒரு தடவைக்கானதாக இருக்கலாம்.

சீட்டுக்கட்டை நினைத்துப் பாருங்கள். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு முறையும் புதுக் கை வரும், ஆனால் விதிகள் அதேதான், அதனால் போன ஆட்டத்தில் கற்றது இந்த ஆட்டத்தில் உதவும். நல்ல பழைய கேம்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் செய்கின்றன. கீழே நான் சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் சொல்கிறேன்.

எல்லாம் சரி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எதை வாங்குவது?

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3. நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் உருவாக்கியது, 1999-ல் வந்தது.

உங்களுக்கு ஒரு கோட்டை, ஒரு தலைவன், கொஞ்சம் படை. தலைவன் ஒரு நாளைக்கு இவ்வளவு தூரம்தான் போக முடியும், வாரம் பிறந்தால் கோட்டையில் புது வீரர்கள் கிடைப்பார்கள். அடிப்படை இவ்வளவுதான், முதல் நாளே பிடிபட்டுவிடும். ஆனால் தலைவன் ஒரு லெவல் ஏறும்போதெல்லாம் பெரும்பாலும் இரண்டு திறமைகளைக் காட்டி இதில் ஒன்றை எடு என்று கேட்கும். மொத்தம் 8 திறமைகளுக்குத்தான் இடம், படையில் 7 வகை வீரர்களுக்குத்தான் இடம், ஆகவே எதை விடுவது என்பதே பெரிய முடிவு. கோட்டையை மாற்றினால் ஆடும் விதமே மாறிவிடும். நெக்ரோபோலிஸை எடுத்தால், சண்டையில் விழுந்த எதிரிகளில் ஒரு பங்கு எலும்புக்கூடுகளாக எழுந்து உங்கள் படையில் சேரும், அதனால் சில்லறைச் சண்டையைக்கூட விடாமல் தேடிப் போவீர்கள். வேறு கோட்டையாக இருந்தால் அதே சண்டையில் நாலு நல்ல வீரர்களை இழக்க வேண்டுமே என்று சுற்றிக்கொண்டு போவீர்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2015-ல் வந்த எச்டி பதிப்பில் இரண்டு கூடுதல் தொகுப்புகளும் கிடையாது. "கம்ப்ளீட்" என்ற பெயரில் விற்கப்படும் பழைய பதிப்பில் எல்லாம் இருக்கிறது, புதுப் புது மேப்களைத் தானாக உருவாக்கித் தரும் வசதியும் அதில் உண்டு. அதன் மேல் ஹார்ன் ஆஃப் த அபிஸ் என்று ரசிகர்கள் செய்த இலவசத் தொகுப்பைப் போட்டுக்கொள்ளலாம், வேலைப்பாடு அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

சிவிலைசேஷன் வரிசையில் எதை ஆடுவது?

ஒரு நாகரிகத்தை ஆதி காலத்தில் இருந்து வளர்த்துக்கொண்டு போகும் கேம் இது. சிட் மியரின் முதல் சிவிலைசேஷன் 1991-ல் வந்தது. வரலாறு தெரிந்துகொள்ள அதைத் தொட்டுப் பார்க்கலாம், ஆனால் வருஷக்கணக்காக ஆட 2005-ல் வந்த 4-ஆம் பாகத்தைத்தான் சொல்வேன். 2010-ல் வந்த 5-ஆம் பாகத்தில் மேப்பின் ஒரு கட்டத்துக்குள் ஒரு படைதான் நிற்கலாம் என்று விதியை மாற்றினார்கள். அதை விரும்புகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினி எதிராளிக்கு அந்த நெருக்கடியான இடத்தில் படையை நகர்த்தத் தெரியாமல் போய்விடுகிறது. 4-ஆம் பாகத்தில் படைகளைக் குவித்துக்கொண்டு வந்து உண்மையிலேயே உங்களைப் பயமுறுத்தும்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது எதிராளித் தலைவர்களின் குணம். இசபெல்லா பக்கத்து நாட்டு ராணியாக வந்து, நீங்கள் அவருடைய மதத்தில் இல்லை என்றால் உறவு கெடும் என்று முதலிலேயே தெரியும். மான்டசூமா பக்கத்தில் இருந்தால் எல்லை நகரத்தில் வில்லாளிகள் நிற்கத்தான் வேண்டும். ஆள் தெரிந்தவர், இடம் புதுசு. அதனால் ஒவ்வொரு மேப்பும் வேறு கதையாகிறது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். பாதி ஆட்டத்திலேயே ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு மீதியை முடிப்பது வேலை செய்வது மாதிரி ஆகிவிடும். அப்படித் தெரிந்தால் கூச்சப்படாமல் அங்கேயே நிறுத்திவிட்டுப் புது மேப்பைத் தொடங்குங்கள். ஆட்டத்தின் உயிர் முதல் 100, 150 டர்னில்தான் இருக்கிறது.

செத்தால் முதலில் இருந்து ஆட வேண்டிய கேம்களை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள்? கடுப்பாக இருக்காதா?

முதல் வாரம் கடுப்பாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

இந்த வகைக்கெல்லாம் ஆரம்பம் 1980-ல் யூனிக்ஸ் கணினிகளில் வந்த ரோக். படம் எதுவும் கிடையாது, நீங்கள் ஒரு @ குறி, எதிரிகள் ஆங்கில எழுத்துகள், பாதாளம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், உயிர் போனால் சேவ் செய்ததும் போய்விடும். இந்த ஒரே கேமின் பெயரால் ஒரு வகையே உண்டாகி, அதில் இன்றுவரை நூற்றுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கின்றன.

அந்தக் குடும்பத்தில் நான் சொல்வது நெட்ஹேக். 1987-ல் முதலில் வந்தது, இலவசம், எந்தக் கணினியிலும் ஓடும். இதில் பொருள்களுக்குள் இருக்கும் உறவுகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. காக்கட்ரைஸ் என்று ஒரு பிராணி உண்டு, அதை வெறும் கையால் தொட்டால் நீங்கள் கல்லாகிவிடுவீர்கள். சரி, அதைக் கொன்றுவிட்டீர்கள், கையுறையும் போட்டிருக்கிறீர்கள் என்றால், அதன் பிணத்தையே ஆயுதமாகத் தூக்கி எதிரிகளை அடிக்கலாம், அடிபட்டவை பெரும்பாலும் கல்லாகும். ஆகா, இனிமேல் நம்மை அசைக்க ஆளில்லை என்று அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது வழியில் ஒரு குழியில் விழுந்தால், பிணத்தின் மேலேயே விழுந்து நீங்கள் கல்லாகிவிடுவீர்கள். இதை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்" என்று நீங்கள் நினைக்கும் முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அந்த கேமுக்குள் பதில் இருக்கிறது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்களே செத்துக் கற்றுக்கொள்ளுங்கள்: மிதக்கும் கண் ஒன்று சும்மா நின்றுகொண்டிருக்கும், அதைப் போய் அடிக்காதீர்கள். உடம்பு மரத்துப்போய் நிற்பீர்கள், அந்த வழியாக வரும் நாய், நரி எல்லாம் உங்களைக் கொன்றுவிட்டுப் போகும்.

இவ்வளவு கடினம் வேண்டாம் என்றால் ப்ரோக் ஆடிப் பாருங்கள். 2009-ல் வந்தது, இதுவும் இலவசம், எழுத்துகளை வைத்தே அவ்வளவு அழகாக வரைந்திருப்பார்கள். நீரும் நெருப்பும் புகையும் பரவுவதைப் பார்க்கவே ஆடலாம்.

எக்ஸ்-காம் பழையதா, புதியதா?

வேற்றுக்கிரகவாசிகளை எதிர்த்து ஒரு படையை நடத்தும் கேம் இது. இரண்டும் நல்லவை. திரும்ப ஆட 1994-ல் ஜூலியன் கோலப் செய்த பழையது.

புதியவற்றில் உங்கள் வீரர்கள் பொக்கிஷம், ஒருவர் இறந்தால் பெரிய இழப்பு. பழையதில் பறக்கும் தட்டு விழுந்த இடத்துக்குப் பத்துப் பேரை இறக்கினால் நாலு பேர் திரும்புவது சாதாரணம். இரவு நேரம் என்றால் இன்னும் மோசம். நீங்கள் வெளிச்சக் குச்சியை எறிந்து எறிந்து முன்னேறுவீர்கள், இருட்டில் இருந்து ஒரு குண்டு வந்து ஆளைச் சாய்க்கும், யார் சுட்டார்கள் என்றே தெரியாது. கதவு வழியாகப் போகப் பயமா, சுவரை வெடிவைத்து உடைத்துக்கொண்டு போகலாம். வீடு, வேலி, வயல் எல்லாம் உடையும், எரியும். வீரர்களுக்கு நீங்களே பெயர் வைக்கலாம். தெரிந்தவர்கள் பெயரை வைத்தால் நெஞ்சு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே துடிக்கும்.

ஒரு சுவாரசியமான விஷயம். அந்தக் காலத்து டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) பதிப்பில் ஒரு பிழை இருந்தது, எந்தக் கடினத்தில் தொடங்கினாலும் சேவ் செய்து திரும்ப எடுத்தால் மிக எளிதான நிலைக்குப் போய்விடும். ஆகவே இப்போது ஓப்பன்எக்ஸ்காம் வழியாக ஆடுங்கள், பிழைகள் சரி செய்யப்பட்டவை, மவுஸ் வசதியும் மேல். அது இலவசம், ஆனால் அசல் கேமின் கோப்புகள் வேண்டும், அதை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எனக்குக் கிடைப்பதே 15 நிமிடம். எனக்கு என்ன?

ஃப்ரீசெல். சிரிக்காதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன். சாலிட்டேரில் பாதி அதிர்ஷ்டம். ஃப்ரீசெல்லில் எல்லாச் சீட்டும் முதலிலேயே முகம் காட்டிக் கிடக்கும், ஒளிவு மறைவே இல்லை. விண்டோஸில் வந்த பதிப்பில் 32,000 ஆட்டங்களுக்கு எண் போட்டிருந்தார்கள். அத்தனையையும் ஆடிப் பார்த்ததில் தீர்க்கவே முடியாதது ஒன்றே ஒன்றுதான், எண் 11982. அதாவது நீங்கள் தோற்றால் தப்பு உங்களுடையது. நான் முதல் கேள்வியில் சொன்ன அளவுகோலுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது.

மைன்ஸ்வீப்பரும் நல்லதுதான், ஆனால் பெரிய கட்டத்தில், 30-க்கு 16-ல் 99 கண்ணிகள் இருக்கும் அதில், கடைசியில் சில நேரம் குருட்டாம்போக்கில் ஊகித்தே ஆக வேண்டி வரும். அப்படி வெடித்தால் எனக்கு மனசு ஆறாது. ஊகிக்கத் தேவையில்லாத ஆட்டங்களை மட்டுமே தரும் பதிப்புகள் இப்போது இருக்கின்றன, அவற்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

டெட்ரிஸ் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. 7 வடிவங்கள், 40 வருஷம் தாண்டியும் ஆடுகிறார்கள்.

கதை உள்ள கேம்களைத் திரும்ப ஆட முடியுமா? முடிவு தெரிந்துவிடுமே?

பெரும்பாலானவற்றை முடியாது. தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட் (1990) மாதிரி ஒன்று எனக்கு உயிர், ஆனால் புதிரின் விடை தெரிந்த பிறகு அதில் செய்ய என்ன இருக்கிறது? சில வருஷம் விட்டு, மறந்த பிறகு எடுத்தால் பழைய நண்பரைப் பார்ப்பது மாதிரி இருக்கும். அது வேறு வகை இன்பம்.

ஆனால் யாராக ஆடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதையே மாறும் சில கேம்கள் உண்டு. ஃபால்அவுட் (1997) அதில் முதல். நிலவறையில் வாழும் மக்களின் தண்ணீர்க் கருவி பழுதாகிவிட்டது, 150 நாளுக்குள் மாற்றுச் சில்லைக் கொண்டு வர வேண்டும் என்று உங்களை வெளியே அனுப்புவார்கள். முதல் தடவை துப்பாக்கி சுடுகிறவராக ஆடுங்கள். இரண்டாவது தடவை பேச்சுத் திறமையில் எல்லாப் புள்ளியையும் போடுங்கள், முன்பு நீங்கள் சண்டை போட்ட இடங்களில் பேசியே வெளியே வருவீர்கள், கடைசி எதிரியைக்கூடப் பேசியே தோற்கடிக்கலாம். மூன்றாவது தடவை அறிவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். உங்கள் ஆளுக்கு வாக்கியமே பேச வராது, ஊர்க்காரர்கள் உங்களை நடத்தும் விதமும் அதற்கேற்ப மாறும். ஒரே ஊர், ஒரே ஆட்கள், மூன்று வெவ்வேறு அனுபவம்.

டியஸ் எக்ஸ் (2000) இன்னொன்று. முதல் இடமே சுதந்திர தேவி சிலை இருக்கும் தீவு, உள்ளே போக முன்வாசல் ஒரு வழி, பின்பக்கமாகப் பெட்டிகள் மேல் ஏறிப் போவது இன்னொரு வழி, சாவியைக் கேட்டு வாங்குவது, பூட்டைத் திறப்பது என்று ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். இதை முடித்த இருவர் பேசிக்கொள்வதைக் கேட்டால் வேறு வேறு கேம் ஆடியவர்கள் மாதிரி இருக்கும்.

சுடும் கேம்களில்?

டூம். 1993 டிசம்பர் 10-ல் வெளியானது, இன்றும் மாதா மாதம் புது லெவல்கள் வருகின்றன. காரணம் எளிது. லெவல்களைத் தனிக் கோப்பாக வைத்து, யார் வேண்டுமானாலும் செய்து போட்டுக்கொள்ளும்படி முதலிலேயே வடிவமைத்தார்கள், 1997-ல் மூலநிரலையும் வெளியிட்டார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரோமேரோவே 2019-ல் சிகில் என்று புதிய லெவல்களைச் செய்து வெளியிட்டார்.

ஆனால் கோப்பு கிடைக்கிறது என்பதற்காக மட்டும் 30 வருஷம் யாரும் ஆட மாட்டார்கள். டூமில் ஒவ்வொரு எதிரியும் ஒரு விதமாக நகரும், ஒரு விதமாகத் தாக்கும், அதைப் பார்த்தவுடன் தெரியும். ஒன்றின் குண்டு இன்னொன்றின் மேல் பட்டால் அவை தங்களுக்குள் அடித்துக்கொள்ளும், நீங்கள் நடுவில் ஓடி வேண்டுமென்றே அப்படி மோத விடலாம். தோட்டா குறைவாக இருக்கும்போது அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

சண்டையே வேண்டாம், நிம்மதியாக ஆட ஏதாவது?

ஓப்பன்டிடிடி. 1990-களில் கிறிஸ் சாயர் செய்த டிரான்ஸ்போர்ட் டைக்கூனை அடிப்படையாக வைத்து 2004-ல் தொடங்கியது, முழுக்க இலவசம், அசல் கேம் இல்லாமலே ஆடலாம். நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்து மின் நிலையத்துக்கு ஒரு ரயில் விடுவீர்கள். லாபம் வரும். இரண்டாவது ரயில் விடுவீர்கள், இரண்டும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக நிற்கும். அப்போதுதான் சிக்னல் என்றால் என்ன என்று படிக்கத் தொடங்குவீர்கள், ராத்திரி முழுக்க ஒரு சந்திப்பைப் பிரித்துப் பிரித்துக் கட்டுவீர்கள். இதில் தோல்வி என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் ரயில்கள் வரிசையாகத் தேங்கி நிற்பதைப் பார்த்தாலே எங்கே தப்பு என்று தெரியும்.

அதே சாயர் செய்த ரோலர்கோஸ்டர் டைக்கூன் (1999), வில் ரைட்டின் சிம்சிட்டி வரிசையில் சிம்சிட்டி 2000 (1993) இரண்டும் இந்த வகையில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நண்பர்களோடு சேர்ந்து ஆட?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-ல் வந்தது, 2019-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள், எதிராளி கிடைக்காமல் போவதே இல்லை. உணவு, மரம், தங்கம், கல் என்று 4 வளங்கள், ஆடு மேய்ப்பதில் இருந்து தொடங்கி பீரங்கி வரை போகலாம். திறமையில் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒரே அணியாகச் சேர்ந்து கணினியை எதிர்த்து ஆடுங்கள், புதியவர் சுவர் கட்டட்டும், பழகியவர் போருக்குப் போகட்டும்.

ஸ்டார்கிராஃப்ட் (1998) அதைவிடக் கூர்மை. 3 இனங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று கொஞ்சமும் ஒத்திருக்காது, அப்படியும் சமமாக மோதும். 2017 முதல் அசல் பதிப்பு இலவசம். ஆனால் விரல் வேகம் வேண்டும், எல்லாருக்கும் ஒத்துவராது.

ஒரே ஒரு கணினிதான் இருக்கிறது என்றால் மறுபடியும் ஹீரோஸ் 3. ஒருவர் ஆடி எழுந்ததும் அடுத்தவர் உட்காரலாம்.

இதெல்லாம் இன்றைய கணினியில் ஓடுமா?

பழைய வட்டில் இருந்து நேரடியாகப் போட்டால் நிறைய ஓடாது. டாஸ் கேம்களையும் 16-பிட் விண்டோஸ் கேம்களையும் 64-பிட் விண்டோஸ் திறக்கவே திறக்காது. டாஸ் கேம்களுக்கு டாஸ்பாக்ஸ், மங்கி ஐலண்ட் மாதிரிப் புதிர் கேம்களுக்கு ஸ்கம்விஎம், டூமுக்கு ஜிஇசட்டூம். மூன்றும் இலவசம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஜிஓஜி தளத்தில் வாங்குங்கள், 2008 முதல் பழைய கேம்களை இன்றைய கணினியில் ஓடும்படி சரி செய்து, பூட்டு எதுவும் இல்லாமல் விற்கிறார்கள். இறக்கிய கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பிறகு இணையமே தேவையில்லை.

பழைய கேம்தானே, எங்கிருந்தாவது சும்மா இறக்கிக்கொள்ளலாமா?

கடையில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது, பதிப்புரிமை அப்படியேதான் இருக்கும். நெட்ஹேக், ப்ரோக், ஓப்பன்டிடிடி, சிவிலைசேஷன் பாணியில் ஃப்ரீசிவ், டூம் பாணியில் ஃப்ரீடூம் என்று உரிமையோடு இலவசமாகக் கிடைப்பவையே பல வருஷத்துக்குப் போதும்.

நடுநடுவே சேவ் செய்து, தோற்றால் பழையதை எடுத்து ஆடுவது தப்பா?

உங்கள் கணினி, உங்கள் நேரம், யாரும் கேட்க முடியாது. ஆனால் அதில் நீங்கள் இழப்பது ஒன்று உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். எக்ஸ்-காமில் ஒவ்வொரு குண்டுக்கும் சேவ் போட்டு ஆடிய நாட்களில் நான் ஒரு வீரரைக்கூட இழக்கவில்லை, அந்த ஆட்டத்தில் ஒரு நிகழ்ச்சிகூட இப்போது நினைவில் இல்லை. பிறகு ஒரு சண்டைக்கு ஒரு சேவ் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அதில் ஒரு களஞ்சியத்தின் வாசலில் 3 பேரை இழந்து, நாலாவது ஆள், இருப்பதிலேயே மோசமாகச் சுடுகிறவர், மாடி ஜன்னல் வழியாகக் கடைசி எதிரியைச் சுட்டு வீழ்த்தினார். அவர் பெயர் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

முதல் தடவை ஆடும்போது வேண்டிய அளவு சேவ் செய்யுங்கள், விதிகள் பிடிபட வேண்டும் அல்லவா. இரண்டாவது தடவை குறையுங்கள். மூன்றாவது தடவை, தோற்றால் தோற்றதுதான் என்று உட்கார்ந்து பாருங்கள்.